பூங்காவின் வாயிலும் மதுக்கூடத்தின் கதவும்

சிறுவர்க்கும் முதியவர்க்கும் ஒருங்கே களிப்பூட்டும் இடத்தை அமைப்பது எளிதன்று. சிறுவர் விரும்பும் குடைராட்டினம் முதியவர்க்கு விரைவில் சலித்துவிடும். முதியவர் நாடும் மதுவும் இரவுநேர ஆடல் பாடலும் சிறுவர்க்கு ஏற்றவை அல்ல. இவ்விருவரையும் ஒரே வாயிலின் வழியே வரவேற்கும் கேளிக்கைப் பூங்கா, இச்சிக்கலை எவ்வாறு தீர்ப்பது? இவ்வினாவுக்கு 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் தெளிவானதொரு விடை கண்டவர் அமெரிக்கரான வால்ட் டிஸ்னி. பூங்காவினுள் மது கூடாது. வேண்டுவோர்க்கு அது வெளியே விடுதிகளில் கிடைக்கும் என்பதே நடைமுறையில் அவ்விடையாக அமைந்தது.

இன்று புளோரிடா மாநிலத்தில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குச் செல்லும் முதியவர் சிலர், பூங்காவினுள் நுழையாமலே ஒரு மாலைப் பொழுதைக் கழிக்கின்றனர். ஒரு விடுதியில் ஒரு கோப்பை மது, அடுத்த விடுதியில் ஒரு சிற்றுணவு, மூன்றாவதில் விருந்து என மோனோரயிலில் ஏறி இறங்கி அவர்கள் சுற்றி வருகின்றனர். இவ்வழக்கம் திடுமெனத் தோன்றியதன்று. டிஸ்னி கண்ட விடையும், அது படிப்படியாக மாறிய முறையும் இதன் பின்னணியில் உள்ளன.

டிவோலி கற்பித்த பாடம்

டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்ஹேகனில் 1843-ஆம் ஆண்டு டிவோலிப் பூங்கா திறக்கப்பட்டது. மலர்ச்செடிகள், வண்ண விளக்குகள், இசையரங்குகள், உணவகங்கள் ஆகியவை நிறைந்த அப்பூங்காவில் மதுவும் உண்டு. குடும்பத்தோடு அமர்ந்து பீர் அருந்துவது அந்நாட்டு மக்களுக்கு இயல்பான பழக்கம். 1951-இல் டிவோலியைக் கண்ட டிஸ்னி, அதன் தூய்மையையும் ஒழுங்கையும் வியந்து போற்றினார். எனினும் அதன் மதுப் பழக்கத்தை அவர் தம் பூங்காவுக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குக் காரணம் அமெரிக்கச் சூழல். தம் புதல்வியரைப் பூங்காக்களுக்கு அழைத்துச் சென்ற காலத்தில், பெற்றோர் வெறுமனே இருக்கையில் அமர்ந்து காத்திருப்பதையும், பல கேளிக்கை இடங்கள் அழுக்கும் அடாவடியும் மலிந்து கிடப்பதையும் டிஸ்னி கண்டிருந்தார். மது புகுந்தால் கூச்சலும் கலகமும் உடன் புகும் என்று அவர் கருதினார். ஆகவே 1955-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17-ஆம் நாள் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது, அதனுள் ஒரு துளி மதுவும் விற்கப்படவில்லை.

டிஸ்னி மதுவை அறவே விலக்கியவர் அல்லர்; வேலை முடிந்த மாலையில் விஸ்கி அருந்தும் வழக்கம் அவருக்கு இருந்தது. நாடு முழுவதற்கும் மதுவிலக்கு விதித்த அமெரிக்கா, 1920 முதல் 1933 வரை அதனை நடத்திப் பார்த்துத் தோல்வி கண்டதையும் அவர் தலைமுறை அறியும். அவர் செய்தது மதுவுக்குத் தடை விதித்ததன்று. மதுவுக்கும் சிறுவர்க்கும் இடையே ஒரு வாயிலை நிறுத்தியதாகும்.

வாயிலுக்கு வெளியே ஒரு விடுதி

பூங்காவைக் கட்டி முடிக்கவே கைப்பொருள் அனைத்தும் செலவாகிவிட்டமையால், விடுதி கட்ட டிஸ்னியிடம் பணம் இல்லை. அப்பொறுப்பைத் தொலைக்காட்சித் தயாரிப்பாளரும் எண்ணெய் வணிகருமாகிய ஜாக் ராதர் ஏற்றார். 1955 அக்டோபரில் டிஸ்னிலாந்து ஹோட்டல் திறக்கப்பட்டது. 1961-இல் பூங்காவின் மோனோரயில் அவ்விடுதி வரை நீட்டப்பட்டது. பகலெல்லாம் பூங்காவில் சுற்றிய குடும்பத்தினர், மாலையில் அதிலேறி விடுதிக்குத் திரும்பினர். முதியவர்க்கான உணவும் மதுவும் அங்கே காத்திருந்தன. பூங்கா பகலின் இடம், விடுதி இரவின் இடம் என்னும் பகுப்பு இவ்வாறு உருவாயிற்று.

இப்பகுப்புக்கு விலக்கு ஒன்றும் இருந்தது. பூங்காவுக்குப் பொருளுதவி செய்த நிறுவனத்தாரையும் சிறப்பு விருந்தினரையும் உபசரிக்க, நியூ ஆர்லியன்ஸ் சதுக்கத்தில் 'கிளப் 33' என்னும் தனி உணவகத்தை டிஸ்னி திட்டமிட்டார். அதனைக் காண அவர் உயிரோடு இல்லை. 1966 டிசம்பர் 15-ஆம் நாள் அவர் மறைந்தார். மறு ஆண்டு அவ்வுணவகம் திறக்கப்பட்டது. அங்கே மது வழங்கப்பட்டது. ஆனால் உறுப்பினர்க்கும் அவர்தம் விருந்தினர்க்கும் மட்டுமே.

நீர்நிலையைச் சுற்றிய தண்டவாளம்

டிஸ்னிலாந்தைச் சுற்றியிருந்த நிலம் டிஸ்னிக்குச் சொந்தமன்று. அங்கே பிறர் கட்டிய மலிவு விடுதிகளும் பளபளக்கும் விளம்பரப் பலகைகளும் பூங்காவை நெருக்கின. இனி அவ்வாறு நேரக் கூடாது என்றெண்ணி, புளோரிடாவில் ஏறத்தாழ 27,000 ஏக்கர் நிலத்தை அவர் நிறுவனம் வாங்கியது. 1971 அக்டோபர் முதல் நாள் வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறக்கப்பட்டபோது, மேஜிக் கிங்டம் பூங்காவோடு கன்டெம்பரரி, பாலினேசியன் என்னும் இரு விடுதிகளும் நீர்நிலைகளின் கரையில் எழுந்து நின்றன. மோனோரயில் வண்டி கன்டெம்பரரி விடுதியின் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து சென்றது. 1988-இல், பழைய புளோரிடாக் கடற்கரை மாளிகைகளின் சாயலில் கட்டப்பட்ட கிராண்ட் புளோரிடியன் விடுதியும் இவ்வரிசையில் சேர்ந்தது.

மூன்று விடுதிகள், அவற்றை இணைக்கும் ஒரே தண்டவாளம், வண்டியோட்ட வேண்டிய தேவையின்மை ஆகியவை சேர்ந்து விடுதிக்கு விடுதி செல்லும் மாலைச் சுற்றுக்கு வழி வகுத்தன. கன்டெம்பரரியின் 15-ஆம் மாடியில் தொடக்கத்தில் 'டாப் ஆஃப் தி வேர்ல்டு' என்னும் இரவு விருந்தரங்கம் இருந்தது. அவ்விடத்தில் 1995-இல் 'கலிபோர்னியா கிரில்' உணவகம் திறக்கப்பட்டது. கீழே பூங்காவில் சிறுவர் அண்ணாந்து பார்க்கும் வாணவேடிக்கையை, மேலே முதியவர் மதுக்கோப்பையோடு காண்கின்றனர்.

பாலினேசியன் விடுதியின் வரலாறு சற்று வேறானது. அமெரிக்கர் மனத்தில் பதிந்த 'தென்கடல் தீவு' மதுக்கூடம், மதுவிலக்கு நீங்கிய காலத்தில் ஹாலிவுட்டில் தோன்றிய கற்பனையாகும். மூங்கிலும் மரச்சிலைகளும் 'ரம்' கலந்த பழச்சாறும் அதன் அடையாளங்கள். தீவு மக்களின் உண்மை வாழ்க்கைக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. 2015-இல் அவ்விடுதியில் திறக்கப்பட்ட மதுக்கூடத்துக்கு, 'ஜங்கிள் க்ரூஸ்' படகுச் சவாரியில் மனிதத் தலைகளை விற்கும் பழங்குடியினனாகக் காட்டப்பட்ட 'டிரேடர் சாம்' என்னும் உருவத்தின் பெயரே இடப்பட்டது. பழங்குடியினரை இழிவாகச் சித்திரிக்கிறது என்னும் குறை எழவே, 2021-இல் அவ்வுருவம் சவாரியிலிருந்து நீக்கப்பட்டது. மதுக்கூடத்தின் பெயர் மட்டும் மாறவில்லை. காலனி ஆட்சியை அறிந்த நாடுகளின் மாணவர் இதனைக் கருதிப் பார்த்தல் தகும்.

இரவுக்கென ஒரு தீவு

முதியவரின் மாலைப் பொழுதை விடுதிகளிலிருந்து பிரித்துத் தனியிடத்தில் அமைக்கும் முயற்சியும் நடந்தது. 1989 மே முதல் நாள் 'பிளெஷர் ஐலண்ட்' என்னும் இரவுக் கேளிக்கைப் பகுதி திறக்கப்பட்டது. ஆடலரங்கமும் நகைச்சுவை அரங்கமும் அமைந்த அவ்விடத்தில், பல ஆண்டுகள் ஒவ்வோர் இரவும் வாணவேடிக்கையோடு புத்தாண்டுப் பிறப்பு கொண்டாடப்பட்டது! அதன் இரவு மன்றங்கள் 2008 செப்டம்பர் 27-ஆம் நாளோடு மூடப்பட்டன. ஆயினும் விடுதிகளின் மதுக்கூடங்கள் நிலைத்தன. மகவைத் தூங்க வைத்துவிட்டு மின்தூக்கியில் இறங்கி வரும் தாய் தந்தையர்க்குத் தொலைவில் உள்ள தீவினும் கீழ்த்தளத்து மேசையே ஏற்றதாயிற்று எனலாம்.

வரம்பு நகர்ந்த வகை

இதற்கிடையே பூங்காவின் வாயிலும் மெல்ல நெகிழ்ந்தது. 1982-இல் திறக்கப்பட்ட எப்காட் பூங்காவின் 'வேர்ல்டு ஷோகேஸ்' பகுதியில் பல நாடுகளின் பண்பாடுகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஜெர்மனியின் பீரும் பிரான்சின் திராட்சை மதுவும் அப்பண்பாட்டின் கூறுகள் என்னும் பெயரில் உள்ளே நுழைந்தன. 1992 ஏப்ரலில் பாரிசு நகருக்கு அருகே திறக்கப்பட்ட பூங்கா பழைய விதியையே பின்பற்றியது. உணவோடு திராட்சை மது அருந்திப் பழகிய பிரெஞ்சு மக்கள் முகம் சுளித்தனர். மறு ஆண்டே விதி தளர்ந்தது. 2012-இல் மேஜிக் கிங்டம் பூங்காவின் ஓர் உணவகத்தில், இரவு உணவோடு மட்டும் பீரும் திராட்சை மதுவும் அனுமதிக்கப்பட்டன. 2019-இல், டிஸ்னியே நேரில் நின்று கட்டிய டிஸ்னிலாந்தில், பொதுமக்களுக்கான மதுக்கூடம் திறக்கப்பட்டது. முதல் விதி பிறந்து அப்போது 64 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மறுபுறம், மதுக்கூடங்கள் சிறுவர் கதைகளை அணிந்துகொண்டன. கிராண்ட் புளோரிடியனில் 2019-இல் திறக்கப்பட்ட மதுக்கூடத்தின் பெயர் 'என்சான்டட் ரோஸ்'. 1991-இல் வெளிவந்த 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' என்னும் சித்திரப் படத்தில் வரும் மாய ரோசாவே அது. பெற்றோர் மாலையில் வெளியே செல்லும்போது பிள்ளைகளை விட்டுச் செல்வதற்கென விடுதிகளில் இயங்கிய சிறுவர் கூடங்கள் பலவும் 2018-இல் மூடப்பட்டன. இவ்வாறு பூங்காவினுள் மது வந்தது. மதுக்கூடத்தினுள் சிறுவர் கதை வந்தது. இருசாராரையும் பிரித்துவைத்த அறைகள் குறைந்தன.

எஞ்சி நிற்கும் கதவு

இன்று உறுதியாக எஞ்சியிருப்பது சட்டமே. புளோரிடாவில் மது அருந்தும் வயது 1973-இல் 18 ஆகக் குறைந்து, 1980-இல் 19 ஆக உயர்ந்து, 1985-இல் மீண்டும் 21 ஆயிற்று. வயதை உயர்த்தாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியைக் குறைக்கும் 1984-ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டமே இறுதி மாற்றத்துக்குக் காரணம். 'டிரேடர் சாம்' மதுக்கூடத்தில் இரவு எட்டு மணிக்குப்பின் 21 வயது நிரம்பாதவர்க்கு இடமில்லை. டிஸ்னி இடத்தால் வகுத்த வரம்பு, இங்கே வயதாலும் நேரத்தாலும் காக்கப்படுகிறது.

டிஸ்னியின் விதியை எதிர்த்து எவரும் பெரும் போராட்டம் நடத்தவில்லை. ஓர் உணவகத்தில், ஒரு வேளை உணவோடு, ஒரு நாட்டின் வழக்கத்தை மதித்து என ஒவ்வொரு தளர்வும் தனித்தனியே நியாயமாகவே தோன்றியது. அனைத்தும் ஒன்று சேர்ந்தபோதுதான் வாயில் இடம் மாறியது புலப்பட்டது. முதியவர் தமக்கென ஒரு மாலைப்பொழுதை வேண்டுவதில் குற்றமில்லை. அதற்கெனத் தனியிடமும் தனிநேரமும் ஒதுக்குவது சிறுவர்க்கும் நன்மையே. ஆனால் அவ்வொதுக்கீட்டை வணிகரிடம் மட்டும் விட்டுவிட்டால், வருவாய் கிடைக்கும் பக்கமே கதவு திறக்கும். சிறுவர்க்குரிய இடம் எது, எந்த மணிவரை என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் ஒவ்வொரு தலைமுறையிலும் விழிப்போடு கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.