மூன்று கிலோவும் இரண்டு கிலோவும்: ஒரு கணக்குக்கு உரை

பிளஸ் ஒன் இயற்பியல் படித்த யாரும் இந்தக் கணக்கைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. எண்கள் மாறும், வாசகம் ஏறக்குறைய இதுதான்:

"நிறையற்ற, நீளாத கயிறு ஒன்று நிறையற்ற, உராய்வற்ற கப்பியின்மேல் செல்கிறது. அதன் ஒரு முனையில் 3 கிலோகிராமும் மறுமுனையில் 2 கிலோகிராமும் தொங்குகின்றன. ஓய்வுநிலையிலிருந்து அவற்றை விடுவித்தால் கயிற்றின் இழுவிசை என்ன?"

பெரும்பாலான மாணவர்கள் இரண்டு எண்களையும் கடைசிச் சொல்லையும் பொறுக்கிக்கொண்டு சூத்திரத்துக்குப் போய்விடுகிறார்கள். அடைமொழிகள் எல்லாம் கணக்குப் புத்தகத்தின் வழக்கமான பேச்சு என்று எண்ணுகிறார்கள். எழுத வேண்டிய சமன்பாடுகள் அந்த அடைமொழிகளுக்குள்ளேதான் இருக்கின்றன. அதனால் சொல் சொல்லாகப் போவோம்.

"நிறையற்ற கயிறு." கயிற்றில் ஒரு சிறு துண்டை மனதில் வெட்டி எடுங்கள். மேலே இருக்கும் கயிறு அதை மேல்நோக்கி இழுக்கிறது. கீழே இருக்கும் கயிறு கீழ்நோக்கி இழுக்கிறது. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, அந்தத் துண்டின் மீதான நிகர விசை அதன் நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வருவது. நிறை பூச்சியம் என்றால் பெருக்குத்தொகையும் பூச்சியம், எடையும் இல்லை. ஆக இரண்டு இழுப்புகளும் சமம். இதே பேச்சு அடுத்த துண்டுக்கும், அதற்கடுத்த துண்டுக்கும் பொருந்தும். கப்பியிலிருந்து பொருள்வரை இழுவிசை எங்கும் ஒன்றே என்று நாம் எழுதுவதற்கு உரிமை தருவது இந்த ஒரு சொல்.

நிறையே இல்லாத கயிறு உலகத்தில் இல்லை. தொங்கும் பொருளோடு ஒப்பிடும்போது கயிற்றின் நிறை அற்பம் என்பதுதான் பொருள். உயரமான கட்டடத்து லிஃப்டில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே எஃகு வடத்தின் சொந்த எடையே கணிசமானது. லிஃப்ட் ஏற இறங்க அந்த எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட, பெட்டிக்கு அடியிலிருந்து எதிர் எடைக்கு அடிவரை வேறொரு சங்கிலியோ வடமோ தொங்கவிடுகிறார்கள்.

"நீளாத." ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் மறுபக்கம் ஒரு சென்டிமீட்டர் ஏறும். ஆகவே இரண்டு நிறைகளுக்கும் முடுக்கத்தின் அளவு ஒன்றே. ரப்பர் கயிறாக இருந்தால் இழுவிசை நேரத்தோடு கூடிக் குறையும். ஒற்றை எண்ணாக விடை சொல்ல முடியாது.

"நிறையற்ற, உராய்வற்ற கப்பி." கப்பிக்கு இடப்பக்க இழுவிசையும் வலப்பக்க இழுவிசையும் சமம் என்று சொல்வது இந்தத் தொடர். கப்பிக்கு நிறை இருந்தால் அதைச் சுழற்றவே கொஞ்சம் விசை செலவாகும். நம் கணக்கிலேயே கப்பி 2 கிலோ எடையுள்ள திண்மத் தட்டு, கயிறு அதன்மேல் வழுக்கவில்லை, அச்சில் உராய்வில்லை என்று வையுங்கள். கனமான பக்கம் 25 நியூட்டன், லேசான பக்கம் சுமார் 23.3 நியூட்டன் என்று இழுவிசை இரண்டாகிவிடும்.

இந்தக் கருவியை 1784-இல் தம் நூலில் விவரித்த கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜார்ஜ் அட்வுட் இதை நன்கு அறிந்திருந்தார். தானாக விழும் பொருளின் வேகத்தை அன்றைய கடிகாரங்களால் அளப்பது கடினம். ஏறக்குறைய சமமான இரண்டு நிறைகளைக் கயிற்றில் பூட்டினால் விழுவது மெதுவாகும், நிதானமாக அளக்கலாம். அதற்காகத் தம் கப்பியின் அச்சையே வேறு சிறு சக்கரங்களின்மேல் உட்காரவைத்து உராய்வைக் குறைத்தார். நம் புத்தகம் ஒரே சொல்லில் கேட்டு வாங்கிக்கொள்வதை அவர் உலோகத்தில் கடைந்து பெற வேண்டியிருந்தது. இந்த அடைமொழியை மதிக்க எனக்கு இதைவிட நல்ல காரணம் தெரியவில்லை.

"3 கிலோகிராமும் 2 கிலோகிராமும்." புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொண்டால் எடைகள் 30, 20 நியூட்டன்.

"ஓய்வுநிலையிலிருந்து அவற்றை விடுவித்தால்." இதில் ஒரு சொல் தேவையற்றது, ஒரு சொல் உயிரானது. ஓய்விலிருந்து தொடங்கினாலும், தட்டிவிட்டுத் தொடங்கினாலும், கயிறு தளராதவரை இழுவிசை மாறாது. அது வேகத்தைப் பார்ப்பதில்லை, முடுக்கத்தைத்தான் பார்க்கிறது. "விடுவித்தால்" என்பது வேறு. 2 கிலோவைக் கையால் கீழே பிடித்திருந்தால் கயிறு 3 கிலோவை அசையாமல் தாங்க வேண்டும்: 30 நியூட்டன். 3 கிலோவை அடியிலிருந்து தாங்கினால் கயிற்றில் 20 நியூட்டன்தான். கையை எடுத்த கணத்திலேயே, எந்த அசைவும் கண்ணுக்குத் தெரியும் முன்பே, அந்த எண் மாறிவிடுகிறது.

"இழுவிசை என்ன?" இங்கே வழக்கமாக வரும் தவறான விடைகள் மூன்று. 30-லிருந்து 20-ஐக் கழித்து 10 என்பார்கள்; கூட்டி 50 என்பார்கள்; சராசரி எடுத்து 25 என்பார்கள். முதல் இரண்டையும் கணக்குப் போடாமலே தள்ளலாம். 3 கிலோ கீழ்நோக்கி முடுக்கம் பெற, மேலே இழுக்கும் விசை 30-ஐவிடக் குறைய வேண்டும். 2 கிலோ மேல்நோக்கி முடுக்கம் பெற, அதே விசை 20-ஐவிடக் கூட வேண்டும். விடை இரண்டுக்கும் நடுவில்தான். ஆனால் சரிபாதியில் இல்லை. இழுவிசையை 'இ', முடுக்கத்தை 'மு' என்று வைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே விசைப்படம் வரைந்து எழுதினால்:

30 − இ = 3மு
இ − 20 = 2மு

கூட்டினால் 10 = 5மு. முடுக்கம் 2, இழுவிசை 24 நியூட்டன். கழித்து வந்த 10, முழு அமைப்பையும் நகர்த்தும் விசை. அது கயிற்றுக்குள் இருக்கும் விசை அல்ல.

சராசரி ஏன் பொய்த்தது என்பதை 3 கிலோவுக்குப் பதில் ஒரு பாறையைக் கட்டிப் பார்த்தால் புரியும். பாறை ஏறக்குறைய தடையின்றி விழும். 2 கிலோ அதே 10 முடுக்கத்தோடு மேலே பாயும். அதற்கு வேண்டியது 40 நியூட்டன். பாறையை எத்தனை டன் ஆக்கினாலும் இழுவிசை இந்த 40-ஐத் தாண்டாது. கயிறு எவ்வளவு இறுகும் என்பதற்கு மேல்வரம்பு வைப்பது லேசான பொருள்தான்.

கேள்வி கேட்காமல் விட்ட ஒன்று மிச்சம் இருக்கிறது: கப்பியைத் தாங்கும் கொக்கி. இரண்டு பக்கமும் 24 என்றால் அதன்மீது 48 நியூட்டன். தொங்கும் எடையோ 50. காணாமற்போன 2 நியூட்டன் எங்கே? 3 கிலோவின் மீது கீழ்நோக்கி நிகர விசை 6, 2 கிலோவின் மீது மேல்நோக்கி 4. மொத்தத்தில் 2 நியூட்டன் கீழ்நோக்கியே நிற்கிறது. 5 கிலோவின் பொதுநிறைமையத்தை 0.4 முடுக்கத்தோடு இறக்குவது அதுதான்.