மற்றும் திருமதி

ஜான் பெர்ஜரின் 'வேஸ் ஆஃப் சீயிங்' படித்தவர்கள் இந்த ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையில் பார்த்திருப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் பார்த்தேன். இடப்பக்கம் ஒரு ஓக் மரம். அதன் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு இளம்பெண். பக்கத்தில் துப்பாக்கியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, காலை மாற்றிப் போட்டுச் சாவகாசமாக நிற்கும் கணவன். அவனை அண்ணாந்து பார்க்கும் நாய். படத்தின் வலப்பக்கம் முழுவதும் நிலம்: அறுத்துக் கட்டி நிறுத்திய கோதுமைக் கதிர்கள், வேலிக்குள் மேயும் ஆடுகள், மழை வரப்போகும் வானம். தாமஸ் கெய்ன்ஸ்பரோ 1750 வாக்கில் வரைந்த 'திரு மற்றும் திருமதி ஆண்ட்ரூஸ்'.

இங்கிலாந்தின் நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றிய பேச்சு எதுவும் இந்தப் படத்தைத் தொடாமல் போவதில்லை. அவர்கள் இயற்கையை ரசிக்கும் தம்பதி அல்ல, நிலத்தின் சொந்தக்காரர்கள். அந்தப் பெருமிதம் அவர்கள் முகத்திலேயே தெரிகிறது என்று 1972இல் பெர்ஜர் எழுதினார். அவரை மறுத்தவர்கள் உண்டு. எனக்கு இடறுவது வேறொன்று. 'அவர்கள்' என்ற அந்தப் பன்மை. படத்தில் இருப்பவர்கள் இரண்டு பேர். சொந்தக்காரர் ஒருவர்தானே?

அந்தப் பெண்ணின் பெயர் பிரான்சிஸ் மேரி கார்ட்டர். சஃபோக் மாவட்டத்தின் சட்பரி என்ற துணி நெசவு ஊரில், துணி வியாபாரத்தில் செழித்த குடும்பத்து மகள். 1748 நவம்பரில் ராபர்ட் ஆண்ட்ரூஸைத் திருமணம் செய்தபோது அவளுக்கு வயது 16 அளவில். ராபர்ட்டுக்கு இருபதுகளின் தொடக்கம். படத்தின் நடுவில், மரங்களுக்கிடையே சின்னதாகத் தெரியும் கோபுரம் அவர்கள் மணம் முடித்த ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்துடையது. பரந்து கிடக்கும் நிலம் ஆபரீஸ் என்ற பண்ணை. அதில் இரண்டு வீட்டாருக்கும் பங்கு இருந்தது என்றும், திருமணத்தால்தான் அது ஒரே கைக்கு வந்தது என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் வேலியைத் தாண்டி நாம் பார்க்கும் காட்சியில் ஒரு பகுதி பிரான்சிஸ் கொண்டுவந்தது.

கொண்டுவந்தது சரி, அவளுடையதாக இருந்ததா? அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் மணமான பெண்ணின் சட்ட ஆளுமை கணவனுடையதற்குள் அடங்கிவிடும். 'கவர்ச்சர்' என்பார்கள். அவளுடைய பணமும் நகையும் தட்டுமுட்டும் அவனுக்குப் போய்விடும். நிலம் பெயரளவில் அவளுடையதாகவே இருக்கும், அவள் சம்மதமில்லாமல் அவன் விற்க முடியாது. ஆனால் நிர்வாகமும் வருமானமும் அவனுடையவை. குழந்தை பிறந்தபின் அவள் முந்தி இறந்தால், அவன் சாகும்வரை அந்த நிலத்தை அனுபவிக்கலாம். வசதியுள்ள தகப்பன்மார் மகளுக்காக அறங்காவலர்களை நியமித்து இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் சுற்றிப்போனார்கள் என்பதும் உண்மை. மகளின் மீதிருந்த பாசம் பாதி, குடும்பச் சொத்தின் மீதிருந்த பாசம் பாதி. மணமான பெண் சொத்தைத் தன் பெயரில் வைத்துத் தானே ஆள முழு உரிமை கொடுத்த சட்டம் 1882இல்தான் வந்தது. பிரான்சிஸ் இறந்து அப்போது நூறாண்டு கடந்துவிட்டது.

1993இல் புவியியல் அறிஞர் கில்லியன் ரோஸ் இதே படத்தைப் பெண்ணிய நோக்கில் வாசித்தார். ராபர்ட் எந்த நேரமும் வேட்டைக்குக் கிளம்பிவிடலாம், பிரான்சிஸ் மரத்தைப் போல வேர்விட்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளும் நிலக்காட்சியின் ஒரு பகுதி என்றார். கண் திறக்கும் வாசிப்புதான். ஆனாலும் அவளை இயற்கையோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பதில் எனக்குத் தயக்கம். அவள் அங்கே மரமாக இல்லை, பத்திரமாக இருக்கிறாள். அந்த நிலம் எப்படிச் சேர்ந்தது என்பதற்கான சான்று அவளே. அதனால்தான் வயற்காட்டில் வெளிர்நீலப் பட்டும் கூரிய செருப்புமாக உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். அந்த உடையை ஒரு பொம்மைக்குப் போர்த்திவிட்டுத்தான் கெய்ன்ஸ்பரோ வரைந்திருப்பார் என்று சொல்பவர்களும் உண்டு.

அவள் மடியில் ஓர் இடம் வரையப்படாமல் விடப்பட்டிருக்கிறது. நீலப் பட்டின் நடுவே பழுப்பாக ஒரு திட்டு. கணவன் சுட்டுவந்த பறவை அங்கே வரவேண்டியிருந்தது என்பார்கள் சிலர். ஒரு புத்தகம் என்பார்கள் சிலர். இனிப் பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒதுக்கிய இடம் என்பது இன்னொரு ஊகம். ஊகங்கள் எல்லாமே அவள் மடியில் யாரோ எதையோ வைக்கப்போகிறார்கள் என்றே போகின்றன. குழந்தைகள் ஒன்பது பிறந்தன. 1780இல், 48 வயதில் பிரான்சிஸ் இறந்தாள். ராபர்ட் மறுமணம் செய்துகொண்டு 1806 வரை வாழ்ந்தார்.

வரைந்தவர் வீட்டுக் கணக்கையும் பார்த்துவிடலாம். கெய்ன்ஸ்பரோவும் சட்பரிக்காரர்தான், ராபர்ட் படித்த அதே பள்ளியில் படித்தவர். தகப்பனாரின் துணித் தொழில் நொடித்துப்போனது. 1746இல் அவர் மணந்த மார்கரெட் பர், போஃபோர்ட் பிரபுவுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகள். பிரபு அவளுக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு வருமாறு ஏற்பாடு செய்திருந்தார். பெயர் எடுக்காத இளம் ஓவியனின் வீட்டில் அது பெரிய தொகை. படத்தின் ஓரத்தில் அதற்கெல்லாம் இடமில்லை.

இனி வலப்பக்க வயல். அறுவடை அப்போதுதான் முடிந்திருக்கிறது. அரிதாள் நேர்கோடு நேர்கோடாக நிற்பதைப் பார்த்தால் விதைப்புக் கருவி கொண்டு விதைத்த நவீன விவசாயம் என்று தெரியும். ஆனால் வயலில் ஒரு மனிதரும் இல்லை. அறுத்தவர் இல்லை, கட்டியவர் இல்லை. அறுவடை முடிந்த வயலில் அந்த நாட்டில் கட்டாயம் இருந்திருக்க வேண்டியவர்கள் ஒருத்தரும் இல்லை: சிந்திய கதிர் பொறுக்கும் பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும். ஏழைக் கூலிக் குடும்பங்களுக்கு அது பிச்சையல்ல, வழிவழியாக வந்த உரிமை. குளிர்காலத்து ரொட்டியில் ஒரு பங்கு அப்படி வந்தது.

அந்த உரிமையை நீதிமன்றத்தில் பறித்த வழக்கும் இதே சஃபோக்கில்தான் தொடங்கியது. சட்பரிக்கு வடக்கே சுமார் 20 மைலில் டிம்வொர்த் என்ற சிற்றூர். 1787இல் ஜேம்ஸ் ஸ்டீல் என்ற விவசாயியின் வயலில் மேரி ஹாட்டன் கதிர் பொறுக்கினாள். அவர் அத்துமீறல் வழக்குப் போட்டார். மறுஆண்டு லண்டனில் நான்கு நீதிபதிகள் விசாரித்தார்கள். கோல்ட் என்ற ஒரு நீதிபதி மட்டும் ஏழைகளின் உரிமை வேதாகமக் காலத்திலிருந்து வருவது என்று மாறுபட்டார். மற்ற மூவரும், நிலம் ஒருவனுடையது என்றால் அதில் சிந்திய கதிரும் அவனுடையதே, அவன் மனமுவந்து விட்டால் பொறுக்கலாம், உரிமையென்று கேட்க முடியாது என்று தீர்த்தார்கள். (அந்த வட்டாரத்தின் பெரிய நிலவுடைமையாளர் கார்ன்வாலிஸ் பிரபு. அப்போது அவர் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தார். 1793இல் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தவர் என்று நம் பள்ளிப் புத்தகத்தில் வருபவரே.) தீர்ப்புக்குப் பிறகும் பெண்கள் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். பல ஊர்களில் விவசாயிகளால் அவர்களைத் தடுக்க முடியவில்லை.

சட்டப் புத்தகங்களில் அந்த வழக்கின் பெயர்: ஸ்டீல் எதிர் ஹாட்டன் மற்றும் மனைவி. பொறுக்கியவள் மேரி. வழக்கு அவள் கணவன் பெயரில்.

இந்த ஓவியம் மட்டும் எந்தத் தீர்ப்பும் தொடாமல், ஆண்ட்ரூஸ் வாரிசுகளின் கையில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. கெய்ன்ஸ்பரோ புகழ்பெற்று, இறந்து, இங்கிலாந்தின் பெரிய ஓவியர்களில் ஒருவராகப் போற்றப்பட்ட காலமெல்லாம் இப்படியொரு படம் இருப்பது வெளியுலகுக்குத் தெரியாது. 1927இல், அவர் பிறந்த 200ஆம் ஆண்டை ஒட்டி இப்ஸ்விச்சில் நடந்த கண்காட்சியில்தான் முதன்முறையாகப் பொதுமக்கள் பார்த்தார்கள். பார்த்ததும் கொண்டாடினார்கள். உலகப் போர் ஒன்றைக் கடந்து வந்த நாட்டுக்கு, வேலிகட்டிய அமைதியான அந்த வயல் 'எங்கள் இங்கிலாந்து' ஆகிவிட்டது. ஒரு குடும்பம் தனக்காக வரையச் சொன்ன தன் நிலம், ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லாதவர்கள் பிறந்தநாடு என்று நெகிழும் படமானது. கண்காட்சிக்கு வந்த கூட்டத்தில் கதிர் பொறுக்கியவர்களின் பேத்திகளும் இருந்திருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

1960 மார்ச்சில் குடும்பம் அதைச் சோத்பீஸ் ஏலத்தில் விற்றது. 1,30,000 பவுண்டுக்குப் போனது. அதே ஆண்டு லண்டன் நேஷனல் கேலரி பொதுமக்களின் சொத்தாக அதை வாங்கியது. இன்று யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் போய்ப் பார்க்கலாம். பிரான்சிஸ் மடியிலிருக்கும் அந்தப் பழுப்புத் திட்டை, அரையடி தூரத்துக்குக் காவலர் விடமாட்டார் என்றாலும், கொஞ்சம் தள்ளி நின்று நன்றாகவே பார்க்கலாம்.

ஓவியம் இன்னார் உதவியால் வாங்கப்பட்டது என்று கேலரியின் பதிவில் ஒரு வரி உண்டு. பில்கிரிம் அறக்கட்டளை, ஆர்ட் ஃபண்ட், அசோசியேட்டட் டெலிவிஷன் நிறுவனம் ஆகியவற்றோடு தனிநபர்களாக அதில் இடம்பெறுவது ஒரே ஒரு தம்பதி. அவர்கள் பெயர் இப்படி இருக்கிறது: திரு மற்றும் திருமதி டபிள்யூ. டபிள்யூ. ஸ்பூனர்.