ஆறு இறங்கும் வழி: ஜவ்வாது மலையின் வரலாற்று நிலவியல்

ஜவ்வாது மலையைப் பற்றி எழுதுவோர் பலர் அதை ஒரு தீவாகவே காண்கிறார்கள்: சுற்றிலும் சமவெளி, நடுவே காடு, காட்டுக்குள் வெளியுலகம் எட்டாத ஒரு குடி. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இப்பகுதியில் சிகரங்கள் 1,000 மீட்டரைத் தாண்டுகின்றன; ஏற்றமும் கடுமையானது. ஆகவே அந்தப் படிமத்துக்கு முகாந்திரம் இல்லாமல் இல்லை. ஆனால் உயரத்தை விட்டு நீரோட்டத்தைப் பின்தொடர்ந்தால் வேறொரு படம் கிடைக்கிறது. சேயாறும் கமண்டல நாகநதியும் அகரம் ஆறும் இம்மலையில் பிறந்து பாலாற்றின் வடிநிலத்தில் சேர்கின்றன. செங்கமும் ஆரணியும் இந்த நீரை நம்பி வளர்ந்த ஊர்கள். இப்பள்ளத்தாக்குகள் மனிதர் ஏறி இறங்கிய வழிகளாகவும் இருந்தன என்பதும், மலையின் தனிமை பெரும்பகுதி பிற்கால நிர்வாகத்தின் விளைவு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதற்சான்று மலைபடுகடாம். பல்குன்றக்கோட்டத்துச் செங்கண்மாவை, அதாவது இன்றைய செங்கத்தை, ஆண்ட நன்னன் சேய் நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லும் அந்நூல், குறவர் குடியிருப்பையும் ஆயர் பாடியையும் உழவர் ஊரையும் ஒரே பயணத்தில் கோத்துக் காட்டுகிறது. சேயாற்றையும் பெயர் சுட்டுகிறது. ஆற்றுப்படை என்பது இலக்கிய மரபு, அதை வழிவரைபடமாக வாசிக்கலாமா என்று கேட்பது நியாயமே. வாசிக்க வேண்டியதில்லை. பிற்காலச் சான்று தனியே நிற்கிறது: தமிழ்நாடு தொல்லியல் துறைக்காக இரா. நாகசாமி பதிப்பித்து 1972-இல் வெளிவந்த செங்கம் நடுகற்கள் தொகுப்பு. ஆநிரைப் பூசல்களில் பட்டவர்களுக்கு எடுக்கப்பட்ட கற்கள் அதில் நிறைந்துள்ளன. எடத்தனூர்க் கல்லில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில், கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் இடம் கிடைத்திருக்கிறது. (அரசரின் கொடிவழியை விட அந்த நாயின் பெயர் எளிதில் மனத்தில் தங்குகிறது.) மேய்ச்சலே செல்வமாக இருந்த நாட்டில் காட்டுக்கும் ஊருக்கும் நடுவே நிலையான எல்லை இருந்திருக்க முடியாது.

இம்மலையில் வாழும் பழங்குடியினரான மலையாளிகளின் தோற்றக் கதை இதைவிடச் சிக்கலான சான்று. கங்குந்தி வேடர் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரின் பெண்கள் எழுவரைத் தூக்கிச் சென்றனர். மீட்கப் புறப்பட்ட ஏழு ஆடவரின் நாய்கள் பாலாற்று வெள்ளத்தில் பாதியில் திரும்பிவிட்டன. நாய்கள் மட்டும் வீடு சேர்ந்ததால் மனைவியர் ஈமக்கடன் முடித்துவிட்டனர். ஊரில் இடமிழந்தவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து இம்மலையில் தங்கினர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றித் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுப்பில் இக்கதை உண்டு. அதனோடு ஒட்டப்பட்டுள்ள கி.பி. 1132 என்ற ஆண்டை நான் ஏற்கவில்லை. வேளாள மரபு கோருவது தகுதி தேடும் முயற்சி என்ற மறுப்பிலும் வலு இருக்கிறது. எனினும் தகுதியைக் கோர அவர்கள் தேர்ந்த ஊர் காஞ்சி. கதை நடக்கும் வழி பாலாறு. மலையாளிகளின் தாய்மொழி தமிழே. பழைய மொழி ஒன்று இருந்து மறைந்தது என்று வைத்துக்கொண்டாலும், நெடுங்காலத் தொடர்பின்றி அது மறைந்திராது. புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்ற பெயர்களில் வரும் ‘நாடு’, சோழர் கல்வெட்டுகளில் சமவெளி ஊர்த்தொகுதிகளுக்கு வழங்கிய அதே சொல்.

இத்தொடர்பைத் தளர்த்தியது 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். காப்புக் காடுகள் வகுக்கப்பட்டபின் சாமை விதைத்த சரிவும் சந்தனம் வளர்ந்த சரிவும் வேறுவேறு ஆட்சிக்குள் போயின. ஊர்கள் காட்டுக்குள் அடைபட்ட திட்டுகளாயின. அடுத்து வந்தது மாவட்ட எல்லை. மலை எல்லையாவது சில இடங்களில் இயல்பே: ஜப்பானில் ஷிமானே, ஹிரோஷிமா ஆகிய நிர்வாகப் பிரிவுகளைச் சூகோக்கு மலைமுகடு பிரிக்கிறது. அங்கே மக்கள் செறிந்திருப்பது கரையோரச் சமவெளிகளில் என்பதால் முகடு எல்லையாவது பொருந்துகிறது. ஆனால் ஜவ்வாதில் மக்கள் வாழ்வதே மேட்டில். வட ஆற்காடு 1989-இல் பிரிந்தது, 2019-இல் திருப்பத்தூர் தனி மாவட்டமானது. இன்று ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலைக்கும் புதூர்நாடு திருப்பத்தூருக்கும் பீஞ்சமந்தை வேலூருக்கும் உரியவை. ஆட்சியரிடம் மனு கொடுக்க ஒரே மலையின் மக்கள் மூன்று திசைகளில் இறங்குகிறார்கள்.