காற்றுக்கு வழிவிட்ட கல்விக்கூடம்

சிங்கப்பூர்ப் புக்கிட் தீமாவில் 1929ஆம் ஆண்டு முறைப்படி திறக்கப்பெற்ற இராஃபிள்ஸ் கல்லூரியின் தாழ்வாரங்களையும் முற்றங்களையும் கண்டோர் அறிவர்: வெயிலை வெல்ல அந்நாளில் நிழலும் காற்றுமே துணை.

1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், அச்சகத் தாள் ஈரத்தால் நெளியாதிருக்க வில்லிஸ் கேரியர் வகுத்ததே குளிரூட்டும் பொறி. தாளின் பொருட்டுப் பிறந்த அது, பிற்காலத்தில் நம் வகுப்பறைகளுக்கும் வந்து சாளரங்களை அடைத்தது. மாணாக்கரைக் கம்பளிச் சட்டை தேடவும் வைத்தது!

அக்கல்லூரியின் வழிவந்த சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம், 2019 சனவரியில் கெண்ட் ரிட்ஜில் எஸ்.டி.இ.4 என்னும் ஆறு மாடிக் கட்டடத்தைத் திறந்தது. பரப்பு ஏறத்தாழ 8,500 சதுர மீட்டர். ஓராண்டில் செலவிடும் மின்னாற்றலைத் தானே ஆக்கிக்கொள்ளுமாறு அமைந்தது. கூரையில் 1,200க்கு மேற்பட்ட சூரியத் தகடுகள் உள. ஆயினும் புகழனைத்தும் தகடுகளுக்கே சேர்தல் முறையன்று. செலவு சுருங்கியதாலன்றோ கூரையின் வரவு போதுமானதாயிற்று?

சுருங்கியது எவ்வாறு? வழக்கமான முறையில் அறைக்காற்றின் பெரும்பகுதியே திரும்பத் திரும்பக் குளிரூட்டப்பெறும். இங்கோ வெளிக்காற்று மட்டுமே, அதுவும் மிதமாகக் குளிர்விக்கப்பெற்று, உள்ளே வருகிறது. எஞ்சிய பணி மின்விசிறியினுடையது. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்தி உடலைக் குளிர்விக்கிறது. ஆதலின் அறை சற்றே வெம்மையாயினும் அமர்ந்திருப்போர் புழுக்கம் உணரார். பல அறைகளில் சாளரத்தைத் திறந்துவைத்து, வேண்டும்போது மட்டும் குளிரூட்டலாம். நடைவழிகளுக்கோ குளிரூட்டலே இல்லை. நீண்டு கவிந்த கூரை நிழல் தருகிறது, காற்று தடையின்றி ஊடே செல்கிறது.