வியர்த்த நெற்றியும் விரைந்த தீர்ப்பும்

வழக்குமன்றத்தில் ஒருவன் நிறுத்தப்படுகிறான். நின்ற இடத்தில் நில்லாது இடம் மாறுகிறான். கடைவாயை நாவால் தடவிக்கொள்கிறான். நெற்றி வியர்க்கிறது; முகத்தின் நிறம் மாறுகிறது; தொண்டை உலர்ந்து சொல் தடுமாறுகிறது; முன்னுக்குப் பின் முரணாக நிறையப் பேசுகிறான்; கேட்போரின் கண்ணையும் கேள்வியையும் எதிர்கொள்ளாது உதட்டைச் சுழிக்கிறான். இத்தகையவன் வழக்காடுபவனாயினும் சாட்சியாயினும் குற்றமுடையவன் எனக் கொள்ளப்படுவான் என்று யாக்ஞவல்கிய ஸ்மிருதி வகுத்துரைக்கிறது. ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட பட்டியல் இது. அதனினும் பழைய மனுஸ்மிருதியும் குரல், நிறம், அசைவு, கண் ஆகியவற்றால் மாந்தரின் உள்ளத்தை அறியுமாறு அரசனைப் பணிக்கிறது. பொய் உரைப்பவனின் உடல் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும் என்னும் நம்பிக்கை அத்துணைத் தொன்மையானது.

அந்நம்பிக்கை முற்றி முறுகிய வடிவம் ஒன்றும் உண்டு. களவுக் குற்றம் சாட்டப்பெற்றவனுக்குத் தெய்வ நீராட்டிய நீரில் ஊறிய அரிசியைத் தந்து மெல்லச் செய்து, அரச இலையில் உமிழச் சொல்வர். உமிழ்ந்ததில் குருதி தோன்றினாலோ, தாடை புண்பட்டாலோ, உடல் நடுங்கினாலோ அவன் கள்வன். அஞ்சியவன் வாயில் உமிழ்நீர் வற்றும் என்பது உண்மையே. கள்வன் மட்டுமே அஞ்சுவான் என்பதற்கு எவரும் சான்று காட்டவில்லை.

இவ்விடத்தில்தான் விஞ்ஞானேசுவரரின் பெயரைச் சொல்ல வேண்டும். கலியாணிச் சாளுக்கியன் ஆறாம் விக்கிரமாதித்தன் (1076–1126) காலத்தில், யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு மிதாட்சரம் என்னும் உரை வகுத்தவர் அவர். ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை உயர்நீதிமன்றம் முதல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை, மூதாதையர் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டா என்னும் வழக்குகளில் ஓயாது எடுத்தாளப்பட்ட நூல் அது. அதனாலேயே மிதாட்சரம் என்றவுடன் பாகப்பிரிவினை மட்டுமே நினைவுக்கு வருகிறது. இது அந்நூலுக்கு நேர்ந்த குறை. நெற்றி வியர்த்தல் முதலாகிய அடையாளங்களைக் கூறும் பகுதிக்கு உரை காணுமிடத்து அவர் எழுதிச் சென்றது ஒரு சிறு குறிப்பே. இவ்வடையாளங்கள் குற்றம் இருக்கக்கூடும் என்று ஐயுறுவதற்கு உரியனவேயன்றிக் குற்றத்தை உறுதி செய்வதற்கு உரியன அல்ல. ஒருவனிடம் இயல்பாகவே அமைந்த வேறுபாடு எது, காரணம் பற்றி நேர்ந்த வேறுபாடு எது எனப் பிரித்தறிதல் அரிது என்பது அக்குறிப்பின் கருத்து. மூலநூல் குற்றவாளி எனக் கொள்க என்று முடித்துவிட்டபின், உரைகாரர் அதன் கையைப் பற்றித் தடுக்கிறார். உரை மரபின் பெருமை மூலத்துக்குப் பொருள் சொல்வதில் மட்டும் இல்லை.

தமிழில் இவ்வினா சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. உடலுக்கும் மெய் என்றே பெயர். வாய்மைக்கும் மெய் என்றே பெயர். உடலைப் படித்தால் உண்மையைப் படித்துவிடலாம் என்ற மயக்கம் மொழிக்குள்ளேயே பதுங்கியிருக்கிறது. ஆயினும் தொல்காப்பியர் அம்மயக்கத்துக்கு ஆளாகவில்லை. மெய்ப்பாட்டியல் நகை முதல் உவகை ஈறாக எட்டினைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்கிறது. பொய் அவ்வெட்டில் ஒன்றன்று, அச்சம் உண்டு. அச்சம் பிறக்கும் நான்கு இடங்களாக அவர் காட்டுபவை அணங்கு, விலங்கு, கள்வர், தமக்கு மேலான இறைவர் என்பன. கள்வனைக் கண்டு நடுங்குவது எவ்வளவு இயல்போ, அரசன்முன் நின்று நடுங்குவதும் அவ்வளவு இயல்பு என்பதே இதனாற் பெறப்படும். குற்றமற்றவனும் அவைக்களத்தில் வியர்ப்பான்.

வள்ளுவர் குறிப்பறிதல் என ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வைத்தார் என்பது அனைவரும் அறிந்தது. 71ஆம் அதிகாரம் அமைச்சியலில், அரசனின் முகக்குறிப்பை அறிந்து நடப்பவருக்கு உரியது. 110ஆம் அதிகாரம் களவியலில், காதலியின் நோக்கினை அறிபவனுக்கு உரியது. முறை செய்யும் மன்னனுக்கு உரிய செங்கோன்மை அதிகாரத்தில் முகம் பார்த்தல் இடம்பெறவில்லை. ஆராய்தலே முதலில் நிற்கிறது. கூடாநட்பு அதிகாரத்திலோ, பகைவர் தொழுத கைக்குள்ளும் படை ஒளிந்திருக்கும், அவர் அழுத கண்ணீரும் அத்தகையதே என்று எச்சரிக்கை வருகிறது. குறிப்பறியும் கலையை அவ்வளவு போற்றியவர்தாம் அது தோற்கும் இடத்தையும் சுட்டினார்.

அது தோற்ற இடம் மதுரை. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைக் கற்போர் பொற்கொல்லனின் வஞ்சகத்தையும் பாண்டியனின் விரைவையும் நினைவில் வைத்திருப்பர். அக்காதையில் முகக்குறிப்பு எத்தனை முறை படிக்கப்படுகிறது என்பதையும் நோக்க வேண்டும். ஆடல் மகளிரின் கூத்தில் மன்னன் உள்ளம் ஈடுபட்டதைக் கண்ட கோப்பெருந்தேவி ஊடல் கொள்கிறாள். ஊடலை மறைத்துத் தலைநோய் என்று சொல்லி எழுந்து போகிறாள். அரசியின் சொல்லுக்குள் ஒளிந்த உண்மையைப் பாண்டியன் உணர்ந்துகொண்டான். அதனாலேயே அமைச்சரை விட்டு நீங்கி அவள் கோயில் நோக்கி நடக்கிறான். வழியில் பொற்கொல்லன் வணங்கி நிற்கிறான். மனைவியின் சிறு பொய்யை அறிந்தவன், எதிரே நின்றவனின் பெரும்பொய்யை அறியவில்லை. அறிய அவனுக்கு நேரமும் இல்லை. சிலம்பு அக்கள்வன் கையில் இருப்பின் அவனைக் கொன்று அதனைக் கொணர்க என்று காவலருக்குச் சொல்லிவிட்டு நடந்துவிட்டான். குற்றம் சாட்டப்பெற்ற வணிகனின் முகத்தை அவன் ஒருமுறையேனும் பார்த்தானில்லை.

பார்த்தவர்கள் காவலர். கோவலனைக் கண்டதும் இவன் கொலை செய்யப்படுவதற்கு உரியவன் அல்லன் என்று அவனுடைய தோற்றத்தைக் கொண்டே அவர்கள் சொன்னார்கள், சொன்னது சரி. அவ்வளவில் கதை முடிந்திருக்கலாம். பொற்கொல்லன் நகைத்து, கள்வர்க்குத் துணையாவன மந்திரம், தெய்வம், மருந்து முதலாக எட்டு என எண்ணிக் காட்டுகிறான். தூதன் வேடத்தில் வாயிலில் இருந்து, பெண் வேடத்தில் அரண்மனைக்குள் புகுந்து ஆரம் கவர்ந்த ஒருவனின் கதையைச் சொல்கிறான். காவலருள் இளையவன் ஒருவன் தான் பட்ட இழப்பை எடுத்துரைத்து அக்கதைக்கு வலுவூட்டுகிறான். கோவலனின் அமைதியான தோற்றமே இப்போது கள்வனின் திறமைக்குச் சான்றாக மாறிவிடுகிறது. நடுங்கினால் கள்வன், நடுங்காவிட்டால் கைதேர்ந்த கள்வன். வாதம் முடியும் முன்பே கல்வியறிவற்ற களிமகன் ஒருவன் வாளை வீசிவிட்டான்.

பின்னர் அவையில் உண்மையை நிறுவியது எவருடைய முகமும் அன்று. கண்ணகி சிலம்பின் உள்ளீட்டைச் சொன்னாள், அரசன் தன் சிலம்பின் உள்ளீட்டைச் சொன்னான், சிலம்பு உடைக்கப்பட்டது. முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறித்தது. இளங்கோவடிகள் காவியத்துக்குச் சூட்டிய பெயர் அச்சான்றுப் பொருளின் பெயரே.

1921இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்கிலி நகரில் இப்பழைய நம்பிக்கை எந்திர வடிவம் பெற்றது. உடலியலில் முனைவர் பட்டம் பெற்றுக் காவலராகப் பணியாற்றிய ஜான் லார்சன், இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் தொடர்ச்சியாகத் தாளில் வரையும் கருவி ஒன்றை அமைத்தார். காவல்துறைத் தலைவர் ஆகஸ்ட் வோல்மர் அவருக்கு ஆதரவளித்தார். மாணவியர் விடுதி ஒன்றில் நடந்த களவே அக்கருவி கண்ட முதல் வழக்குகளுள் ஒன்று. அதற்குமுன் ஹார்வர்டில் 1915 முதல் இரத்த அழுத்தத்தைக் கொண்டு பொய்யறிய முயன்றவர் வில்லியம் மார்ஸ்டன். அவருடைய சோதனை முடிவை வாஷிங்டன் மேல்முறையீட்டு மன்றம் 1923இல் ஃபிரை வழக்கில் ஏற்க மறுத்தது. அறிஞருலகின் பொது ஏற்பினைப் பெறாத முறை சான்றாகாது என்பது தீர்ப்பின் சாரம். இதே மார்ஸ்டன்தான் பின்னாளில் வொண்டர் வுமன் என்னும் சித்திரக்கதை நாயகியைப் படைத்து, கட்டப்பட்டவரை உண்மை பேசவைக்கும் கயிறு ஒன்றையும் அவள் கையில் கொடுத்தார். ஆய்வகத்தில் கிட்டாதது கற்பனையில் கிட்டியது. லார்சனோ, தம் கருவி விசாரணை அறைகளில் மிரட்டும் பொருளானதைக் கண்டு மனம் கசந்தார். மருத்துவம் கற்று மனநல மருத்துவரான அவர், தாம் ஒரு பூதத்தை உண்டாக்கிவிட்டதாகவே பிற்காலத்தில் கருதினார்.

அக்கருவி அளப்பது நாடித் துடிப்பும் மூச்சும் வியர்வையும். விஞ்ஞானேசுவரர் ஐயுற்ற அதே வியர்வை. அமெரிக்க உளவுத்துறை அலுவலர் ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985 முதல் சோவியத் ஒன்றியத்துக்கு இரகசியங்களை விற்றார். 1986இலும் 1991இலும் அக்கருவியின் முன் அமர்ந்து இருமுறையும் தேறினார். 1994இல் அவர் கைது செய்யப்பட்டார்.

கருவியின்றிக் கண்ணாலும் காதாலும் அறிவோரின் நிலையும் ஆராயப்பட்டுள்ளது. 1991இல் வெளியான ஆய்வொன்றில் பால் எக்மனும் மோரீன் ஓ'சல்லிவனும் காவலர், நீதிபதிகள், மனநல மருத்துவர் உள்ளிட்ட 509 பேரைச் சோதித்தனர். தலைவர்களைக் காக்கும் சீக்ரெட் சர்வீஸ் பணியாளர் நீங்கலாக, எக்குழுவினரும் குருட்டு ஊகத்தை விஞ்சவில்லை. நீதிபதிகளும் விஞ்சவில்லை என்பது அழுத்திச் சொல்லத்தக்கது. சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 24,000க்கு மேற்பட்டோரின் கணிப்புகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்டபோது சரியான விடை 100க்கு 54 எனக் கண்டனர். நாணயத்தைச் சுண்டினாலே ஐம்பது கிட்டும். பொய்யன் கண்ணைப் பார்க்கமாட்டான் என்பது 58 நாடுகளில் கேட்டபோது பரவலாகக் கிடைத்த விடை. ஆனால் பார்வையை விலக்குவதற்கும் பொய்க்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு ஆய்வுகளில் தென்படவில்லை. பெரியோர் கண்ணை நேர்நோக்குதல் மரியாதைக் குறைவு என்று பயிற்றப்பட்ட ஒருவன் சாட்சிக் கூண்டில் தலை குனிந்து நிற்கும்போது நிகழ்வது என்ன என்று எண்ணிப் பார்க்கலாம்.

இந்திய உச்சநீதிமன்றம் 2010 மே மாதம் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், ஒருவரின் இசைவின்றிப் பொய்யறியும் கருவி, மயக்கமருந்து விசாரணை, மூளைமின் சோதனை ஆகியவற்றுக்கு அவரை உட்படுத்துதல் கூடாது என்று தீர்ப்பளித்தது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு எவரும் வற்புறுத்தப்படலாகாது என்னும் அரசியலமைப்பின் 20(3)ஆம் உறுப்பு அதற்கு ஓர் அடிப்படை. உடலின் வாயிலாகப் பெறப்படும் விடையும் வாக்குமூலம் போன்றதே என்று மன்றம் கருதியது.

சாட்சியின் நடத்தையைச் சட்டம் முற்றிலும் புறக்கணித்துவிடவில்லை. விசாரணையின்போது சாட்சி நடந்துகொண்ட விதம் பற்றி முக்கியமெனத் தோன்றுவதை நீதிபதி குறித்துவைக்க வேண்டும் என்பது 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280ஆம் பிரிவு; அச்சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத்திலும் இவ்விதி தொடர்கிறது. சாட்சி தயங்கினார், விடை கூறாது நின்றார் என்று ஓரிரு சொற்களில் அக்குறிப்பு அமையும். வழக்கு மேல்முறையீட்டுக்குச் செல்லும்போது அங்குள்ள நீதிபதிகள் காண்பது தாள்களை மட்டுமே. நெற்றி வியர்வை அங்கே அவ்வொரு வரியாகத்தான் சென்று சேர்கிறது, பிற சான்றுகளுக்கு இடையில்.