வேடியப்பன் என்ன நினைத்தார்?

எங்கள் குலசாமி வேடியப்பன். செங்கத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரையில், வேப்பமரத்தடியில் இருக்கும் இடுப்பளவுக் கல்தான் அவர். எண்ணெயும் மஞ்சளும் ஏறி முகம் மழுங்கிவிட்டது. கையில் பிடித்திருக்கும் வில் மட்டும் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

எனக்கு எட்டு வயதிருக்கும். பொங்கல் வைக்கப் போயிருந்தோம். அடுப்பை ஊதிக்கொண்டிருந்த ஆயாவிடம் கேட்டேன்: "ஆயா, சாமி அம்பு விடும்போது என்னா நெனச்சிருக்கும்?" ஆயா நிமிரவில்லை. "அது என்னா நெனச்சுதோ, யாரு கண்டா? அதும் பொண்டாட்டி என்னா நெனச்சிருப்பான்னு வேணா எனக்குத் தெரியும்" என்றார். அதற்குள் பொங்கல் பொங்கி வழிந்தது. பேச்சு அதோடு நின்றுபோனது. பிறகு வரலாறு படித்து, வரலாறு சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் எனக்கு, அந்தப் பாதிப் பதில்தான் இன்றுவரை பாடமாக இருக்கிறது.

திருவண்ணாமலை என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கோபுரமும் தீபமும் கிரிவலமும்தான். நகரத்தை விட்டு மேற்கே போனால் வேறொரு வரலாறு கல்லாக நிற்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை படியெடுத்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-இல் நூலாக வெளியிட்டது. பல்லவர் காலத்து வட்டெழுத்தில், இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்னார் ஆள், இன்ன ஊர் மாட்டைக் கவர்ந்தபோது அல்லது மீட்டபோது பட்டான் என்று இரண்டு மூன்று வரிகளில் சொல்லிவிடும் கற்கள் அவை. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா இந்தச் செங்கம்தான். வழி நெடுக நடுகற்கள் இருப்பதை அந்தப் பாட்டும் சொல்கிறது. அரசர்கள் போனார்கள், வட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும் போனார்கள். கல்லில் இருந்த வில்லைப் பார்த்து மக்கள் அவனை வேடன் என்றார்கள், வேடியப்பன் என்றார்கள், பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். எங்கள் வீட்டிலும் என் அண்ணனுக்குத்தான் அந்தப் பெயர் கிடைத்தது.

அவற்றில் புகழ்பெற்றது எடுத்தனூர்க் கல். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம், மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்டவன் பெயர் கருந்தேவக்கத்தி. அவனுடைய நாயும் கல்லில் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன். அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நாயின் விசுவாசத்தைப் பெயரோடு பொறித்த அந்த ஊரார்மேல் எனக்கு மரியாதை உண்டு. கூடவே ஒரு கேள்வியும் உண்டு. நாய்க்குப் பெயர் இருக்கிறது. செத்தவன் வீட்டில் இருந்த பெண்ணுக்கு இல்லை.

அம்பு விடுகிறவன் மனதில் என்ன ஓடும் என்று தெரிந்துகொள்ள நாற்பது வயதில் நானே ஒரு வில்லைப் பிடித்துப் பார்த்தேன். நாணை இழுக்கும்போது கையைவிட முதுகுதான் வேலை செய்கிறது. தாடையோரம் விரல்களை ஒட்டவைத்து நிற்கும் அந்த இரண்டு மூன்று நொடிகளில், தோள் நடுங்கத் தொடங்குவதற்குள், மனம் எதையாவது பிடித்துக்கொள்ளத் தவிக்கிறது. கற்றுக்கொடுத்தவர் சொன்னார்: "விடணும்னு நெனைக்காதீங்க மேடம். விரல் தளர்ந்தா போதும், அது தானா போயிடும்." உண்மைதான். விட வேண்டும் என்று நினைத்த ஒவ்வொரு முறையும் அம்பு எங்கோ போனது. என் எதிரில் இருந்தது காகித வட்டம். எதிரில் உயிர் இருந்தால் கணக்கு வேறு. மரவில்லின் அம்பு நொடிக்கு ஏறக்குறைய 50 மீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம். ஒலி 340 மீட்டர் போகிறது. இருபது மீட்டர் தள்ளி நிற்கும் மானுக்கு அம்புக்கு முன்பே நாணொலி எட்டிவிடும். அது சட்டென்று உடலைத் தாழ்த்தித் துள்ளினால் அம்பு தப்பும், அல்லது கொல்லாமல் காயப்படுத்தும். சரியாகப் பட்டாலும் அம்பு பெரும்பாலும் இரத்தம் வடியவிட்டுத்தான் கொல்கிறது. வேடன் காத்திருந்து, இரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே பின்தொடர வேண்டும். அதாவது வேட்டை என்பது நெடுநேர வேலை. அதில் ஒரு நொடிதான் அம்பு. கல்லில் ஏறியது அந்த ஒரு நொடி.

இலக்கியமும் அந்த நொடியில்தான் நிற்கிறது. கொல்லிமலை வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என்று துளைத்துப் போய் உடும்பில் தைத்ததைப் புறநானூற்றில் வன்பரணர் பாடினார். காளிதாசன் மட்டும் வில்லாளியின் மனதுக்குள் கொஞ்சம் போனான். ரகுவம்சத்தின் ஒன்பதாம் சருக்கத்தில் தசரதன் ஒரு ஆண்மானைக் குறிவைக்கிறான். பெண்மான் குறுக்கே வந்து தன் உடலால் மறைக்கிறது. தானும் காதலித்தவன் என்பதால் மனம் இளகி, காதுவரை இழுத்த அம்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறான். அழகான காட்சி. ஆனால் அதே சருக்கத்தில் அதே தசரதன், தண்ணீரில் குடம் மொள்ளும் ஓசையை யானையின் ஓசை என்று எண்ணி அம்பு விட்டு ஒரு பிள்ளையைக் கொன்றுவிடுகிறான். கண்ணால் பார்த்தபோது மனம் இளகியது. காதால் கேட்டபோது கை முந்தியது. கண்ணில்லாத தாயும் தகப்பனும் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். அந்தத் தகப்பனின் சாபத்தை எல்லோரும் அறிவோம். இராமாயணமே அதிலிருந்துதான் நகர்கிறது. தாயின் மனதில் ஓடியது என்ன என்று எந்தக் கதாகாலட்சேபத்திலும் நான் கேட்டதில்லை.

நான் மிகவும் விரும்பும் வேட்டைப் பாட்டில் அம்பே விடப்படுவதில்லை. புறநானூற்று 320-ஆம் பாட்டு, வீரை வெளியனார் பாடியது. முற்றத்தில் கொடிப் பந்தலின் கீழ் வேடன் அசந்து தூங்குகிறான். பக்கத்தில், பார்வைமானாகப் பழக்கிய பெண்மானோடு ஒரு ஆண்மான் கூடி நிற்கிறது. வீட்டுக்காரி பார்க்கிறாள். ஒலி எழுப்பினால் கணவன் விழித்துவிடுவான், மான்கள் பிரிந்துவிடும். அதனால் அசையாமல் இருக்கிறாள். மான்தோலில் அவள் காயவைத்த தினையைக் காட்டுக்கோழியும் இதலும் தின்றுகொண்டிருக்கின்றன. அவற்றையும் ஓட்டாமல் இருக்கிறாள்.

மூச்சை அடக்கி அசையாமல் நிற்பதுதான் வில்லாளியின் வித்தை என்றால், இந்தப் பாட்டில் வில்லாளி யார்? அவளுக்கும் எதிரில் மான் நிற்கிறது. அவளும் கணக்குப் போடுகிறாள்: ஒருபக்கம் தினை, ஒருபக்கம் தூக்கம், ஒருபக்கம் மான்களின் கூடல். அவள் எடுத்த முடிவு 'விடாமல் இருப்பது'. அதற்கு அவள் கொடுத்த விலை, தன் உழைப்பில் விளைந்த தினை. பெண்ணின் பொறுமையைப் புகழ்கிற பாட்டாக இதை வாசிக்க எனக்கு விருப்பமில்லை. பொறுமையைப் புகழ்ந்தே நம்மைக் கெடுத்தார்கள். முடிவெடுக்கிற ஒரு மனதைக் காட்டிய பாட்டாக வாசிக்கிறேன்.

பெண் கையில் வில் வந்ததே இல்லையா? சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் வருகிறது. எயினர் தங்கள் குலத்துச் சிறுமி ஒருத்தியைக் கொற்றவையாக ஒப்பனை செய்து, கையில் வில் கொடுத்து, கலைமான்மேல் ஏற்றி வழிபடுகிறார்கள். தெய்வமான அந்தக் கொஞ்ச நேரத்துக்கு வில் அவளுடையது. ஒப்பனை கலைந்த பிறகு அவள் வில்லைத் தொட்டாளா என்று இளங்கோவடிகள் சொல்வதில்லை. திருவண்ணாமலையிலும் கிரிவலப் பாதையில் துர்க்கை இருக்கிறாள்; மகிடனைக் கொன்ற ஆயுதக்காரி. எனக்குப் பதின்மூன்று வயதானபோது, அந்த வருடப் பொங்கலுக்கு வேடியப்பனிடம் என்னைக் கூட்டிப்போகவில்லை. "அஞ்சு நாளு போவட்டும்" என்றார்கள். சாமி கையில் ஆயுதம் கொடுக்கத் தயங்காதவர்கள், எங்கள் கையில் ஒரு கரண்டிப் பொங்கல் கொடுக்கத் தயங்கினார்கள்.

ஆய்வுலகத்துக்கும் இந்தத் தயக்கம் இருந்தது. 1966-இல் சிகாகோவில் வேட்டைச் சமூகங்களைப் பற்றி நடந்த மாநாட்டின் கட்டுரைகள் 1968-இல் நூலானபோது அதன் தலைப்பே 'வேட்டையாடும் ஆண்' என்று பொருள்படும்படி இருந்தது. பின்னர் பிலிப்பைன்ஸின் அக்தா மக்களிடையே பெண்கள் வில்லும் அம்பும் நாய்களுமாகக் காட்டுப்பன்றியையும் மானையும் வேட்டையாடுவதை எஸ்தியோக்கோ கிரிஃபின் இணையர் 1981-இல் எழுதினார்கள். பெரு நாட்டின் மலைப்பகுதியில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் வேட்டைக் கருவிகளோடு புதைக்கப்பட்டிருந்தவர் ஓர் இளம்பெண் என்று 2020-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. படித்தபோது மகிழ்ந்தேன். ஆனால் பெண்ணும் வில்லெடுத்தாள் என்று நிரூபித்தால்தான் பெண்ணுக்கு வரலாற்றில் இடம் என்றால், அளவுகோல் இன்னும் ஆணுடையதாகவே இருக்கிறது.

ஜவ்வாது மலையின் மலையாளி மக்கள் பற்றி ஒரு பழங்கதை உண்டு. தர்ஸ்டனின் 1909-ஆம் ஆண்டுத் தொகுதிகளிலும் இருக்கிறது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்து வேளாளரிடம் பெண் கேட்டார்கள். மறுத்ததால் ஏழு பெண்களைத் தூக்கிப்போனார்கள். மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். நாய்கள் மட்டும் திரும்பினால் நாங்கள் செத்தோம் என்று கருமாதி செய்துவிடுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிவிட்டன. ஆண்கள் அக்கரை சேர்ந்து, வேடர்களைக் கொன்று, ஊர் வந்தபோது மனைவியர் தாலியறுத்திருந்தார்கள். செத்தவர் ஆனவர்களுக்கு ஊரில் இடமில்லை. வேடர்குலப் பெண்களை மணந்துகொண்டு மலையேறினார்கள் என்று கதை முடிகிறது.

இதைக் குடியேற்றக் கதை என்றே குறிப்பார்கள். நான் பெண்களை எண்ணினேன். தூக்கிச்செல்லப்பட்ட எழுவர், மீட்கப்பட்ட பின் அவர்கள் என்ன ஆனார்கள் என்று கதையில் இல்லை. புருஷன் உயிரோடு கண்ணெதிரே நிற்க, விதவைகளாகவே இருந்த எழுவர். தங்கள் ஆண்களைக் கொன்ற கைகளையே மணந்த வேடர்ப் பெண்கள். மூன்று கூட்டம் பெண்கள். ஒருவர் மனதையும் கதை திறப்பதில்லை. நாய்கள் ஏன் திரும்பின என்பதற்கு மட்டும் காரணம் உண்டு: வெள்ளம்.

ஆயா போய்ப் பல வருடமாகிறது. வேடியப்பன் மனைவி நினைத்தது என்ன என்று மறுபடி கேட்காமலே விட்டுவிட்டேன். ஆனால் ஆயா எப்படி இருந்தார் என்பது நினைவிருக்கிறது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு, தான் சாப்பிடுவதற்கு முன், வாசல் நாய்க்கு ஒரு கை சோறு வைத்துவிட்டுத்தான் உட்காருவார். தாத்தா அதை 'என் நாய்' என்பார். தாத்தா கூப்பிட்டால் வரும். ஆயா கூப்பிடவே தேவையிருந்ததில்லை.

இப்போது மாணவிகளை எடுத்தனூர்க் கல்லைப் பற்றி எழுதச் சொல்லும்போது, அரசன் பெயர், ஆட்சியாண்டு, வீரன் பெயர் எல்லாம் எழுதட்டும் என்று விட்டுவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். கோவிவனுக்குச் சோறு வைத்தது யார்?