பக்கத்துத் துறைக்குச் சொல்லும் கடமை: 2004 ஆழிப்பேரலையை முன்வைத்து

2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்ராவை ஒட்டிய கடலடியில் நிலம் அதிர்ந்தது. தமிழகக் கரையை அலை தாக்கியபோது மணி ஒன்பதை நெருங்கியிருந்தது. இடைப்பட்ட நேரத்தில் அரசுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை என்ற எண்ணம் இன்றும் பரவலாக உள்ளது. அது சரியன்று. வானிலை ஆய்வுத் துறையின் கருவிகள் நிலநடுக்கத்தைப் பதிவு செய்திருந்தன. கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தில் கடல் புகுந்த செய்தி, தமிழகக் கரையை அலை எட்டும் முன்பே விமானப்படைத் தலைமைக்குக் கிடைத்துவிட்டது. நிலம் அதிர்ந்தது ஒரு துறைக்குத் தெரியும்; கடல் ஏறியது இன்னொரு துறைக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

அன்றைய தொலைநகல்களின் வரிசை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அப்போது நாளேடுகள் வெளியிட்ட விவரப்படி, வானிலைத் துறையின் முதல் தொலைநகல் 8.54 மணிக்கு முன்னாள் அமைச்சர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றது. அந்த ஆண்டு மே மாதமே ஆட்சி மாறியிருந்தது. முகவரிப் பட்டியல் மாறவில்லை. உள்துறைக் கட்டுப்பாட்டு அறைக்கு 9.14 மணிக்கும், அமைச்சரவைச் செயலகத்துக்கு 10.30 மணிக்கும் தகவல் போயிற்று. முகவரிப் பிழையைப் பலரும் கண்டித்தார்கள். அதைவிடப் பெரிய குறை, எல்லாத் தகவலும் மேல்நோக்கியே போனதுதான். நாகப்பட்டினம் ஆட்சியரகத்துக்கோ மீன்வளத் துறைக்கோ நேரடியாகச் சொல்லும் வழக்கமே இல்லை.

நம் அலுவலக நடைமுறை இப்படித்தான் அமைந்திருக்கிறது. கோப்பு பிரிவு அலுவலரிடமிருந்து செயலாளர் வரை ஏறி, அடுத்த துறையின் செயலாளரிடம் போய், அங்கிருந்து படிப்படியாக இறங்கும். மேலதிகாரியைக் கேட்காமல் பக்கத்துத் துறைக்கு எழுதியவருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரலாம். எழுதாமல் இருந்தவரை யாரும் கேட்பதில்லை. கடிதத்தின் அடியில் ‘தகவலுக்காக’ என்று நகல் குறிப்பிட்டுவிட்டால் கடமை முடிந்ததாகிவிடுகிறது. படித்தாரா, புரிந்துகொண்டாரா என்று அறிய நடைமுறையில் இடமில்லை.

இந்தியப் பெருங்கடலில் அப்போது ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பே இல்லையே, துறைகளைக் குறைசொல்வது பொருந்துமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். தொலைநகல் பேசியதும் நிலநடுக்கத்தைப் பற்றித்தான், அலையைப் பற்றியன்று. ஆனால் புதுச்சேரி அருகே நல்லவாடு மீனவர்களிடமும் எச்சரிக்கை அமைப்பு இல்லை. சிங்கப்பூரில் இருந்த ஓர் உறவினர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துத் தொலைபேசியில் சொன்னார். ஊர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். மக்கள் கரையை விட்டு ஓடித் தப்பினார்கள். கேட்டவர் யாரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள்.

2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. நில அதிர்வு, கடல் மட்டம், மிதவைக் கருவிகள் ஆகியவற்றின் தரவுகள் அங்கே ஒன்றுசேர்கின்றன. எச்சரிக்கை உள்துறைக்கும் மாநிலக் கட்டுப்பாட்டு அறைகளுக்கும் நேரே போகிறது. 2012 ஏப்ரல் 11 நிலநடுக்கத்தின்போது சில நிமிடங்களில் அறிவிப்பு வெளியானது. பக்கத்துத் துறைக்குச் சொல்வதை எழுதப்பட்ட கடமையாக்கினால் அரசு இயந்திரத்தால் விரைந்து இயங்க முடியும் என்பதற்கு இதுவே சான்று. அணை நீர்த் திறப்பு, தொற்றுநோய், ஆலை விபத்து ஒவ்வொன்றுக்கும் இதே கடமையை அலுவலக நடைமுறை நூலிலேயே சேர்க்க வேண்டும். அதற்கு இன்னொரு பேரழிவு வரும்வரை அரசு காத்திருக்கக் கூடாது.